புட்டும் பொத்தானும் குளியலும்: பிள்ளைகளுக்கான தொழில்வழிச் சிகிச்சை எப்படி உதவுகிறது?

ஐந்து வயதுப் பிள்ளை காலையில் எழும்பிப் பள்ளிக்கூடம் போகும்வரை என்னென்ன செய்கிறது என்று ஒருநாள் இருந்து கவனித்தால் மலைப்பாக இருக்கும். பாயை விட்டு எழும்ப வேண்டும். கிணற்றடியில் முகம் கழுவிப் பல் தீட்ட வேண்டும். மலசலகூடத்தில் குந்தியிருந்து எழும்ப வேண்டும். வெள்ளைச் சேட்டின் பொத்தான்களைப் பூட்ட வேண்டும். புட்டை விரலால் குழைத்து வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். சப்பாத்தை மாட்டி, புத்தகப் பையைத் தோளில் கொளுவி, அண்ணனின் சைக்கிளில் விழாமல் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். இதில் ஒவ்வொன்றுக்கும் கழுத்தும் முதுகும் நிமிர்ந்து நிற்க வேண்டும், இரண்டு கைகளும் ஒன்றுக்கொன்று உதவ வேண்டும், கண் பார்ப்பதைக் கை செய்ய வேண்டும், அடுத்தது என்ன என்று மனம் ஒழுங்கு பிடிக்க வேண்டும்.

பெரும்பாலான பிள்ளைகள் இவற்றைப் பார்த்துப் பார்த்தே பழகிவிடுகிறார்கள். சில பிள்ளைகளுக்கு அப்படி வருவதில்லை. கை இறுகியிருக்கலாம், முதுகு நிற்காமல் இருக்கலாம், தலையில் தண்ணீர் பட்டாலே தாங்க முடியாமல் அலறலாம், ஐந்து நிமிடம் ஓரிடத்தில் இருக்க முடியாமல் போகலாம். அந்தப் பிள்ளை தன் நாளைத் தானே நடத்தப் பழகுவதற்கும், வீட்டார் அதற்கு உதவுவதற்கும் துணை நிற்கிற மருத்துவத் துறைதான் பிள்ளைகளுக்கான தொழில்வழிச் சிகிச்சை. ஆஸ்பத்திரியில் இதை ‘ஓ.டி.’ (ஒக்கியுபேஷனல் தெரபி) என்பார்கள்.

பிசியோதெரபி தெரியும், இது என்ன என்று பலர் கேட்பார்கள். பிசியோ பெரும்பாலும் தசை, மூட்டு, நிற்பது, நடப்பது ஆகியவற்றைப் பார்க்கும். பேச்சுச் சிகிச்சை பேச்சையும் விழுங்குவதையும் பார்க்கும். அந்தக் கையையும் காலையும் கண்ணையும் கொண்டு பிள்ளை தன் நாளில் எதைச் செய்கிறது, எதைச் செய்ய முடியாமல் நிற்கிறது என்று பார்ப்பது ஓ.டி. மூன்று பேரின் வேலையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறித்தான் இருக்கும். யாரிடம் முதலில் போனோம் என்பது பெரிய பிரச்சினை இல்லை.

மூளைவாதம் (மூளைப் பாதிப்பால் உடல் அசைவு கட்டுப்படாத நிலை) உள்ள பிள்ளைகள், ஓட்டிசம் உள்ளவர்கள், டவுன் சின்ட்ரோம் உள்ளவர்கள், மாதம் நிறையாமல் பிறந்தவர்கள், தீக்காயத்தாலோ விபத்தாலோ கை பாதிக்கப்பட்டவர்கள் என்று பலர் இதனால் பயன்பெறுவார்கள். காரணம் என்னவென்று டொக்டருக்கே இன்னும் பிடிபடாத, வளர்ச்சி பிந்திய பிள்ளைகளும் உண்டு. நோய்க்கு ஒரு பெயர் கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பெயர் இல்லாவிட்டாலும் பிள்ளை சாப்பிடத்தான் வேண்டும், குளிக்கத்தான் வேண்டும்.

வன்னியில் இருக்கிற பெற்றோருக்காக இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. துணுக்காயிலிருந்தோ நெடுங்கேணியிலிருந்தோ மாந்தை கிழக்கிலிருந்தோ ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்குப் போய்வருவது ஒருநாள் வேலை. அன்றைய கூலி போய்விடும். பஸ் தவறினால் ஓட்டோ, ஓட்டோவுக்குக் காசு. இரண்டு மூன்று கிளினிக் தவறியதும், ‘இனிப் போய் என்ன’ என்று பல தாய்மார் விட்டுவிடுகிறார்கள். சிகிச்சை என்பது ஆஸ்பத்திரி அறையில் சிகிச்சையாளர் பிள்ளையின் கையைப் பிடித்துச் செய்கிற அரை மணித்தியாலம் மட்டும் என்று அவர்கள் விளங்கிவைத்திருப்பதுதான் இதற்குக் காரணம். அது அப்படி இல்லை என்று அவர்களுக்கு யாரும் சரியாக விளக்கியிருக்கவும் மாட்டார்கள்.

உண்மையில் இந்தச் சிகிச்சையின் பெரும்பகுதி வீட்டில்தான் நடக்கிறது. 2009இல் அவுஸ்திரேலியாவில், மூளைவாதம் உள்ள பள்ளிப் பருவப் பிள்ளைகளை வைத்து அயோனா நோவாக் என்ற தொழில்வழிச் சிகிச்சையாளரும் அவரது குழுவினரும் ஓர் ஆய்வு செய்தார்கள். சிகிச்சையாளரும் பெற்றோரும் சேர்ந்து, அந்தக் குடும்பத்துக்கு எது முக்கியமோ அதைத் தெரிவுசெய்து, வீட்டிலேயே பயிற்சி செய்யும் முறை அது. 8 வாரத்தில் பிள்ளைகளின் செயற்பாட்டிலும் கைப் பாவனையிலும் அளக்கக்கூடிய முன்னேற்றம் தெரிந்தது. அந்தப் பெற்றோர் செய்தது எவ்வளவு தெரியுமா? சராசரியாக மாதத்துக்கு 17, 18 தடவை, ஒரு தடவைக்குக் கால் மணித்தியாலத்தைவிடச் சற்றுக் கூட. அவ்வளவுதான். அதே நோவாக், இங்கிரிட் ஹோனன் என்பவரோடு சேர்ந்து 2019இல் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தபோதும் இதே பக்கம்தான் வந்து நின்றார்கள்: பிள்ளைக்குத் தேவையான அந்தச் செயலையே, அது நடக்கிற இடத்திலேயே, பெற்றோரைக் கூட்டாளியாக்கிப் பழக்கும் முறைகள் நல்ல பலன் தருகின்றன.

பொத்தான் பூட்ட வரவேண்டும் என்றால் பொத்தானைத்தான் பூட்டிப் பழக வேண்டும். ரப்பர் பந்தை ஆயிரம் தடவை அமத்தினாலும் பொத்தான் தானாக வந்துவிடாது.

சாப்பாட்டிலிருந்து தொடங்குவோம்

நாளுக்கு மூன்று நேரம் நடப்பது, எல்லா வீட்டிலும் நடப்பது, பிள்ளைக்கும் விருப்பமானது என்பதால் சாப்பாட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆறு வயதுப் பிள்ளை ஒன்று, வலது கையும் வலது காலும் இறுக்கம், தானாகச் சாப்பிடுவதில்லை, அம்மம்மாதான் தீத்திவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நல்ல சிகிச்சையாளர் முதலில் கையைப் பார்க்க மாட்டார். பிள்ளை எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்.

இருப்பு சரியில்லை என்றால் கை வேலை செய்யாது. முதுகு ஆடுகிற பிள்ளைக்குத் தன்னை விழாமல் பிடித்து வைத்திருப்பதே பெரிய வேலையாக இருக்கும். ஒரு கையை நிலத்தில் ஊன்றிக்கொண்டிருக்கும். அந்தக் கை எப்படிச் சோற்றுக்கு வரும்? ஆகவே முதலில் இடுப்பும் பாதமும். பெரியவர்களின் பிளாஸ்ரிக் கதிரையில் ஏற்றினால் கால் தொங்கும், இடுப்பு வழுக்கும். பாதத்துக்குக் கீழே ஒரு பலகையோ இரண்டு செங்கல்லோ வைத்து, முதுகுக்குப் பின்னால் மடித்த துணியை அடைத்து, மேசையை முழங்கை உயரத்துக்குக் கொண்டுவந்தால் பாதி வேலை முடிந்துவிடும். நிலத்தில் பாயில் இருந்து சாப்பிடுகிற வீடு என்றால் சுவர் மூலை இருக்கிறது. இரண்டு சுவரும் சேரும் மூலையில் பிள்ளையை இருத்தினால் இரண்டு தோளுக்கும் ஆதரவு கிடைக்கும். முன்னால் ஒரு சின்ன வாங்கை வைத்து அதில் கோப்பையை வைக்கலாம். செலவு எதுவும் இல்லை.

படுக்கவைத்தோ தலையைப் பின்னால் சாய்த்தோ ஊட்டுவது வேண்டாம். அப்படி ஊட்டினால் சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து அதிகம். தலை நேராக, நாடி சற்றுக் கீழே பார்த்தபடி இருக்க வேண்டும். சாப்பிடும்போது அடிக்கடி இருமல், சாப்பிட்ட பிறகு தொண்டையில் ஈரச் சத்தம், திரும்பத் திரும்பச் சளிக் காய்ச்சல் என்றால் வீட்டில் முயற்சி செய்துகொண்டிருக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள். இது ஒன்றைத் தள்ளிப்போடவே கூடாது.

பிறகு சாப்பாட்டையே பார்க்க வேண்டும். புட்டு கையால் சாப்பிடப் பழகுகிற பிள்ளைக்குக் கடினமான சாப்பாடு. உதிரும். விரல் கொஞ்சம் தளர்ந்தாலும் வாய்க்குப் போகுமுன் பாதி மடியில் கிடக்கும். பிள்ளைக்கும் வெறுக்கும், கூட்டித் துடைக்கிறவருக்கும் வெறுக்கும். அதே புட்டை வாழைப்பழத்தோடு பிசைந்தால் உருண்டை பிடிக்கும். பருப்போடு இறுக்கமாகக் குழைத்த சோறும் அப்படித்தான். தொடக்கத்தில் கைக்கு அடக்கமாகப் பிடிக்கக்கூடியவை நல்லவை: நன்றாக அவிந்த வற்றாளங்கிழங்குத் துண்டு, வாழைப்பழத் துண்டு. அவற்றைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோகப் பழகிய பிறகு உருண்டை, உருண்டைக்குப் பிறகு சோறு, கடைசியில் புட்டு.

கோப்பை ஓடாமல் இருக்க அதற்குக் கீழே ஈரத்துணி விரியுங்கள். ஓரம் உயர்ந்த கோப்பை என்றால் அந்த ஓரத்தில் முட்டி உருண்டையை எடுக்கலாம். கரண்டி பாவிப்பதென்றால் அதன் பிடி மெல்லியதாக இருப்பதுதான் தொந்தரவு. பழைய சைக்கிள் ரியூப்பைப் பட்டி பட்டியாக வெட்டிப் பிடியைச் சுற்றிவிட்டால் தடிப்பாகவும் வழுக்காமலும் இருக்கும். கழுவவும் சுகம். கடையில் விற்கிற விசேட கரண்டி செய்கிற வேலையை இது பெரும்பாலும் செய்துவிடும்.

பழக்கும் முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. கடைசிப் படியை முதலில் பழக்குவது. அம்மம்மா உருண்டை பிடித்து, பிள்ளையின் கையில் வைத்து, அந்தக் கையைத் தன் கையால் தாங்கி வாய்க்கு அருகில் கொண்டுவந்து, அங்கே விட்டுவிட வேண்டும். மிச்ச இரண்டு அங்குலம் பிள்ளையின் வேலை. அது வந்ததும் கொஞ்சம் முன்னதாக விடுங்கள், பிறகு இன்னும் முன்னதாக. இப்படிச் செய்தால் ஒவ்வொரு தடவையும் முடித்துவைத்தது பிள்ளையாகவே இருக்கும், வாயில் சாப்பாடும் இருக்கும். முன்னால் இருந்து கையை இழுப்பதைவிடப் பின்னால் அல்லது பக்கத்தில் இருந்து தாங்கினால் அசைவு இயல்பாக வரும்.

இங்கே ஒரு விசயத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வலது கை இறுகிய பிள்ளை இடது கையால் சாப்பிடத் தொடங்கும். உடனே யாராவது ஒருவர், பெரும்பாலும் அன்பான ஒருவர், ‘பீச்சாங்கையால சாப்பிடக்கூடாது பிள்ளை’ என்று தடுப்பார். தயவுசெய்து தடுக்காதீர்கள். அந்தப் பிள்ளைக்கு வேலை செய்கிற கை அதுதான். அதைத் தடுத்தால் பிள்ளை வலது கைக்கு மாறாது, சாப்பிடுவதையே விட்டுவிட்டு வாயைத் திறந்து காத்திருக்கும். இடது கையைச் சாப்பாட்டுக்கு வைத்து, மலசலகூடத்தில் கழுவுவதற்கு நீண்ட பிடியுள்ள பேணியும் சவர்க்காரமும் பழக்கினால் சுத்தமும் போகாது. வலது கையையும் சும்மா விடக்கூடாது. கோப்பையைப் பிடித்துக்கொள்வது அதன் வேலை. கொண்டாட்ட வீட்டுப் பந்தியில் யாராவது முகம் சுளித்தால், பிள்ளைக்கு முன்னால் தாயோ தகப்பனோ ஒரு வசனம் சொல்லிவைப்பது நல்லது: “இவருக்கு இந்தக் கைதான் சோற்றுக்கை.”

இன்னொன்றும் உண்டு. தானாகச் சாப்பிட விட்டால் முக்கால் மணித்தியாலம் போகிறது, வயிறும் நிரம்புவதில்லை என்பது நியாயமான கவலை. முதல் ஐந்து வாயைப் பிள்ளை சாப்பிடட்டும், மிச்சத்தைத் தீத்துங்கள். பசி இருக்கும்போதுதான் முயற்சியும் இருக்கும். ஒரு நேரச் சாப்பாட்டில் மட்டும், வீட்டில் அவசரமில்லாத நேரத்தில், அப்படித் தொடங்கினால் போதும்.

உடுப்பும் குளியலும்

உடுப்பில் ஒரே ஒரு விதியை ஞாபகம் வைத்தால் நிறையச் சண்டை குறையும். இறுகிய கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது கடைசியாக எடுக்க வேண்டும். நல்ல கையை முதலில் நுழைத்துவிட்டு இறுகிய கையை மடக்கித் திணிப்பதால்தான் பிள்ளை அழுகிறது. நின்றுகொண்டு உடுக்க முடியாத பிள்ளையை வாங்கில் இருத்திவிட்டு உடுக்கப் பழக்கலாம். பள்ளிச் சேட்டில் பொத்தானை முன்பக்கம் அப்படியே தைத்துவிட்டு, உள்ளே ஒட்டுப்பட்டி (வெல்க்ரோ) வைத்துத் தைத்தால் பார்வைக்கு எல்லோருடைய சேட்டும் ஒன்றாகவே இருக்கும். ஊர்த் தையற்காரருக்கு அது சின்ன வேலை. காற்சட்டைக்கு இலாஸ்ரிக். பொத்தான் பழக்கத்தைச் சனிக்கிழமை பின்னேரம் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி வான் வந்து நிற்கிற காலை ஏழு மணி அதற்கான நேரம் இல்லை.

குளிக்க வார்ப்பதற்குள் ஊரைக் கூட்டுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குத் தண்ணீர், சத்தம், தொடுகை, மணம் ஆகியவை நமக்குப் படுவதைவிடப் பல மடங்கு கூடுதலாகப் படும். சிலருக்கு மாறாக, குறைவாகப் படும். இது பிடிவாதமும் இல்லை, வளர்ப்புக் குறையும் இல்லை. வாளித் தண்ணீரைத் தலையில் திடீரென்று ஊற்றுவது அந்தப் பிள்ளைக்கு அடி விழுந்ததற்குச் சமம். காலில் தொடங்கி மேலே வாருங்கள். ‘ஒண்டு, ரெண்டு, மூண்டு’ என்று எண்ணி, மூன்றில்தான் ஊற்ற வேண்டும், இரண்டில் ஊற்றி ஏமாற்றக்கூடாது. முதல் பேணித் தண்ணீரைப் பிள்ளையே தன் மேல் ஊற்றட்டும். வெயில் ஏறிய பிறகு குளிக்கவைத்தால் கிணற்றுத் தண்ணீரின் குளிரும் குறைவு. துவாயால் மெதுவாகத் தடவுவதைவிட அழுத்தி ஒற்றுவது பல பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

ஒவ்வொரு நாளும் ஒரே ஒழுங்கில் நடந்தால், அடுத்து என்ன வரும் என்று பிள்ளைக்குத் தெரிந்தால், பயம் குறையும். பேச்சு விளங்காத பிள்ளைக்கு ஒரு மட்டையில் வாளி, உடுப்பு, கோப்பை, பை என்று படம் கீறி வரிசையாகத் தொங்கவிடலாம். நன்றாகக் கீற வேண்டும் என்றில்லை, அக்கா கீறினாலே போதும்.

மலசலகூடத்தில் குந்த முடியாத பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் உறுதியான கம்பு நட்டுக் கட்டலாம். அதுவும் முடியாவிட்டால் நடுவில் ஓட்டை வெட்டிய கதிரையைக் குழியின் மேல் வைக்கலாம். சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் வயிறு அசையும் என்பதால் அந்த நேரத்தில் இருத்திப் பழக்குவது சுலபம். பெண் பிள்ளைகள் வளர வளர இந்த ஒரு விசயத்தில் தானாகச் செய்ய முடிவது அவர்களின் மானத்துக்கும் பாதுகாப்புக்கும் எவ்வளவு பெரிய விசயம் என்று தாய்மாருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

விளையாட்டு, பள்ளிக்கூடம், திருவிழா

விரலுக்கு வேலை தர விளையாட்டுச் சாமான் வாங்கத் தேவையில்லை. கச்சான் கோது உடைப்பதில் இரண்டு கையும் சேர்ந்து வேலை செய்கிறது, பெருவிரலுக்குப் பலம் வருகிறது, கடைசியில் தின்ன ஒன்று கிடைக்கிறது. சுளகில் அரிசிக்குள் கல் பொறுக்குவது, வெங்காயத் தோல் உரிப்பது, துணி பிழிவது, முற்றத்தில் மணலில் எழுத்துக் கீறுவது எல்லாமே பயிற்சிதான். அம்மாவுக்குப் பக்கத்தில் குசினியில் இருந்து செய்வதால் பிள்ளை தனித்தும் போகாது. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கும், கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் போடுகிறவர்களுக்கும் கச்சான், புளியங்கொட்டை போன்றவை வேண்டாம். தொண்டையில் அடைக்கும்.

பென்சில் பிடிக்கத் திணறுகிற பிள்ளைக்கு நீளப் பென்சிலைவிடச் சுண்டுவிரல் அளவுத் துண்டுப் பென்சில் நல்லது. அதை உள்ளங்கையால் பொத்திப் பிடிக்க இடமிருக்காது, விரல் நுனிதான் வர வேண்டும். வகுப்பில் கால் நிலத்தில் முட்டுகிற வாங்கு, முன்வரிசை இடம், கரும்பலகையிலிருந்து எழுதுவதைக் குறைத்துக் கொடுப்பது ஆகியவற்றை ஆசிரியரிடம் கேட்கலாம். சிகிச்சையாளர் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதித் தந்தால் கேட்பது இன்னும் சுலபம். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியிருக்கிறது. உங்கள் பிள்ளை வகுப்பில் இருப்பது யாரும் தருகிற சலுகை இல்லை.

வற்றாப்பளைப் பொங்கலுக்கும் மடுத் திருவிழாவுக்கும் போகாமலேயே வருடங்களைக் கழித்த குடும்பங்கள் உண்டு. லவுட்ஸ்பீக்கரும் நெரிசலும் பிள்ளைக்குத் தாங்காது, ஊரார் பார்வை தாய்க்குத் தாங்காது. ‘கோயிலுக்குப் போக வேண்டும்’ என்பதைச் சிகிச்சையாளரிடம் ஓர் இலக்காகவே சொல்லலாம் என்பது பலருக்குத் தெரியாது. முதல் வருடம் கூட்டம் சேருமுன் போய், லவுட்ஸ்பீக்கருக்குத் தூரமாக நின்று, கும்பிட்டு, உடனே திரும்புவது. காதை மூட ஒரு தொப்பி அல்லது துண்டு, கையில் பிடிக்க பிள்ளைக்குப் பிடித்த ஒரு சாமான், தாங்காமல் போனால் போய் இருக்க முன்னரே பார்த்துவைத்த ஒரு மரநிழல். அடுத்த வருடம் இன்னும் கொஞ்ச நேரம். குடும்பம் ஊரோடு சேர்ந்து வாழ்வதும் இந்தச் சிகிச்சைக்குள் அடங்கும்.

வீட்டாரைப் பற்றி

இவ்வளவையும் வாசித்துவிட்டு, ‘ஏற்கெனவே மூச்சுவிட நேரமில்லை, இது வேறயா’ என்று ஒரு தாய் நினைத்தால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. போர் முடிந்த 2009க்குப் பிறகு வன்னியில் எத்தனையோ வீடுகளைத் தனிப் பெண்களே கொண்டு நடத்துகிறார்கள். தாய் வயலுக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ போக, பிள்ளையைப் பார்ப்பது அம்மம்மாவோ சித்தியோ. அப்படியான வீட்டுக்கு இருபது பயிற்சி எழுதிய தாளைக் கொடுத்துவிடும் சிகிச்சை நல்ல சிகிச்சை இல்லை என்பதே என் எண்ணம். நல்ல சிகிச்சையாளர் புது வேலை தர மாட்டார். எப்படியும் நடக்கப்போகிற ஒரு வேலையை எடுத்து, அதில் ஒரு சின்ன மாற்றம் சொல்லுவார். யார் வார்க்கிறார், யார் ஊட்டுகிறார் என்று கேட்டு, அவருக்கே செய்துகாட்டுவார். ஆகவே முடிந்தால் கிளினிக்குக்கு அம்மம்மாவையும் கூட்டிப்போங்கள்.

எதில் தொடங்குவது என்பதைக் குடும்பமே சொல்ல வேண்டும். இதற்காகக் கனடாவில் 1991இல் வெளிவந்த ஓர் அளவுமுறையை உலகெங்கும் பாவிக்கிறார்கள். அன்றாடம் கஷ்டமாக இருக்கும் விசயங்களைப் பெற்றோரோ பிள்ளையோ சொல்ல, எது முக்கியம் என்று பார்த்து, இப்போது எவ்வளவு செய்ய முடிகிறது, அதில் எவ்வளவு திருப்தி என்று 1 முதல் 10 வரை புள்ளி போடுவார்கள். சில மாதம் கழித்துத் திரும்பப் போடுவார்கள். டொக்டருக்கு நடப்பது முக்கியமாகப் படலாம், தாய்க்கு இரவில் பிள்ளை நித்திரை கொள்வதே முக்கியமாக இருக்கலாம். தாய் சொன்னதும் சிகிச்சைக்கு ஏற்ற இலக்குத்தான்.

தூக்குகிறவரின் முதுகும் கணக்கில் வர வேண்டும். பத்து வயதுப் பிள்ளையை நாளுக்கு எத்தனையோ தடவை தூக்குகிற தாய்க்கு முதுகு போனால் அந்த வீடே நின்றுவிடும். முதுகை வளைக்காமல் முழங்காலை மடித்து, பிள்ளையை நெஞ்சோடு அணைத்துத் தூக்க வேண்டும். அதைவிட நல்லது, பிள்ளை தானாகச் செய்யக்கூடிய பங்கைச் செய்ய விடுவது: கழுத்தைக் கட்டிப்பிடிக்கலாம், ஒரு காலையாவது ஊன்றலாம்.

அன்பினால் எல்லாவற்றையும் நாமே செய்துகொடுப்பது நம் வீடுகளில் அதிகம். எவ்வளவோ இழந்த பிறகு மிஞ்சிய பிள்ளை, பேரப்பிள்ளை. கஷ்டப்பட விட மனம் வராது. அது விளங்குகிறது. ஆனாலும் சப்பாத்துக்குள் காலை நுழைக்கப் பிள்ளை திணறும்போது, பத்து எண்ணும்வரை உங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பாருங்கள்.

சாமான்களைப் பற்றியும் ஒரு சொல். ‘சென்சரி’ (புலன் சார்ந்த) ஊஞ்சல், பாரமான போர்வை, விசேட கதிரை என்று ஆயிரமாயிரமாய்ச் செலவழிக்கச் சொல்லும் விளம்பரங்கள் தொலைபேசியில் வருகின்றன. புலன்களை ஒருங்கிணைக்கும் சிகிச்சையை ஜீன் அயர்ஸ் என்ற அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சையாளர் உருவாக்கினார். பிள்ளைகள் உலகத்தை வேறுவிதமாக உணரக்கூடும் என்பதை நமக்கு விளங்கவைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அந்தச் சாமான்களால் மட்டும் பிள்ளை சாப்பிடவும் உடுக்கவும் பழகிவிடும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. நகையை அடைவு வைத்து எதையும் வாங்காதீர்கள். சிம்பாப்வேயில் பெவில் பாக்கர் என்பவர் தொடங்கிய முறைப்படி, பழைய காகிதத்தையும் மட்டையையும் பசையால் அடுக்கடுக்காக ஒட்டியே உறுதியான கதிரையும் மேசையும் செய்கிறார்கள். அளவைச் சிகிச்சையாளர் சொன்னால் ஊர்த் தச்சரும் பலகையில் செய்துதருவார்.

எப்போது, எங்கே போவது

பிள்ளையின் நிறை பதிகிற சுகாதாரப் பதிவேடு, ஆண் பிள்ளைக்கு நீலம், பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு, எல்லா வீட்டிலும் இருக்கும். அதில் நிறைக்கோட்டை மட்டும் பார்க்காமல் வளர்ச்சிப் பக்கத்தையும் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவுகளின்படி, பெரும்பாலான பிள்ளைகள் 9 மாதமளவில் பிடியில்லாமல் இருக்கிறார்கள், 18 மாதத்துக்குள் தனியே நடக்கிறார்கள். நாலு மாதம் கடந்தும் தலை நிற்கவில்லை, ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பாவித்து மற்றக் கையைப் பொத்தியே வைத்திருக்கிறது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, முன்பு வந்த சொல்லோ செயலோ இப்போது இல்லாமல் போய்விட்டது என்றால் பொறுத்திருக்க வேண்டாம். ‘தகப்பனும் பிந்தித்தான் நடந்தவர்’ என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும், நீங்கள் காட்டிவிட்டு வாருங்கள்.

முதலில் உங்கள் ஊர்க் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். அவர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும், அங்கிருந்து பெரியாஸ்பத்திரிப் பிள்ளை வைத்திய நிபுணருக்கும் அனுப்புவார். அரச வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை. ‘ஓ.டி.க்கும் எழுதித் தாங்கோ’ என்று நீங்களே கேட்கலாம். அந்த ஆஸ்பத்திரியில் அந்த வசதி இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்துக்கு எழுதித் தரச் சொல்லலாம். பிரயாணச் செலவு, உதவித்தொகை, சக்கர நாற்காலி போன்றவற்றுக்குப் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரை விசாரியுங்கள்.

போகும்போது வீட்டிலேயே தொலைபேசியில் எடுத்த இரண்டு சின்ன வீடியோ கொண்டுபோங்கள், ஒன்று பிள்ளை சாப்பிடுவது, ஒன்று குளிக்கவைப்பது. ஆஸ்பத்திரியில் பயந்து ஒதுங்கி நிற்கிற பிள்ளையைப் பார்த்து எதையும் முடிவுகட்ட முடியாது. கிணற்றடி, மலசலகூட வாசல், வீட்டுப் படி ஆகியவற்றின் படங்களும் உதவும். சிகிச்சையாளர் செய்துகாட்டுவதை, அவரிடம் கேட்டுவிட்டு, வீடியோ எடுத்துக்கொண்டால் வீட்டில் அம்மம்மாவுக்கும் அண்ணனுக்கும் காட்டலாம். அவருக்குத் தமிழ் வராது என்றால் தாதியரிடம் சொல்லி, செய்ய வேண்டியதைத் தமிழில் எழுதி வாங்குங்கள். திரும்புமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: இந்த மாதம் நாங்கள் செய்ய வேண்டிய ஒரே ஒரு விசயம் எது? சரியாகச் செய்கிறோம் என்று எப்படித் தெரியும்? அடுத்த கிளினிக்குக்கு வர முடியாமல் போனால் எந்த நம்பருக்கு எடுத்துக் கேட்கலாம்?